மணப்பாட்டுக்கு ஒரு நாளில் போய்வர: தேதி, பஸ், காகிதம், செலவு

மணப்பாட்டுக்கு எப்படிப் போவது என்று யாரைக் கேட்டாலும், "திருச்செந்தூர் போய் பஸ் ஏறுங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். அது சரிதான். ஆனால் எந்தத் தேதியில் போகக் கூடாது, எந்த பஸ் ஊருக்குள் போகும், பூசை கொடுக்க யாரைப் பார்ப்பது, ஞானஸ்நானச் சான்றிதழ் எடுக்க என்ன கொண்டுபோவது என்பதை எல்லாம் நான் நாலு பேரிடம் கேட்டு அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

ஊரின் வரலாறு இங்கே கிடையாது. தூத்துக்குடி மாவட்டத்தில் திருச்செந்தூருக்குத் தெற்கே சுமார் 18 கி.மீ. தொலைவில் கடலோரமாக இருக்கும் மீனவ ஊர் என்பதும், கடலை ஒட்டிய மணல் குன்றின்மேல் 1581-இல் கட்டிய திருச்சிலுவை ஆலயம் இருக்கிறது என்பதும், சவேரியார் தங்கிய குகை அதே குன்றில்தான் என்பதும் தெரிந்தால் போதும். ஊருக்குள் பரிசுத்த ஆவி ஆலயம், யாகப்பர் ஆலயம் என இன்னும் இரண்டு பெரிய கோயில்கள் இருக்கின்றன.

1. முதலில் காலண்டரை எடுங்கள்

டிக்கெட்டுக்கு முன் தேதி. மற்றதெல்லாம் கொஞ்சம் பிசகினாலும் சமாளித்துவிடலாம், தேதி பிசகினால் முடியாது.

மணப்பாட்டில் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்தால் மட்டும் போதாது. வழியில் இருக்கும் இரண்டு ஊர்களின் திருவிழாக்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்று திருச்செந்தூர், இன்னொன்று குலசேகரன்பட்டினம், சுருக்கமாகக் குலசை.

மணப்பாட்டுத் திருவிழா செப்டம்பர் முதல் இரண்டு வாரங்களில் நடக்கும். திருச்சிலுவை மகிமைப் பெருவிழாவான 14-ஆம் தேதி உச்சம். வேண்டுதல் உள்ளவர்கள், சப்பரமும் பவனியும் பார்க்க ஆசைப்படுபவர்கள் அப்போதுதான் போக வேண்டும். ஆனால் கோயிலை அமைதியாகப் பார்க்கவும் குகையில் பத்து நிமிடம் உட்காரவும் நினைப்பவர்கள் அந்த இரண்டு வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். செப்டம்பர் தொடக்கத்தை ஒட்டியே பெரும்பாலும் திருச்செந்தூரில் ஆவணித் திருவிழாவும் வரும். இரண்டும் சேர்ந்தால் திருச்செந்தூர் பஸ் நிலையத்தில் நிற்கக்கூட இடம் இருக்காது.

அடுத்தது குலசை தசரா. நவராத்திரி பத்து நாளும் முத்தாரம்மன் கோயிலுக்கு வேடம் கட்டியவர்கள் சாரை சாரையாக வருவார்கள். கடைசி நாள் இரவு சூரசம்ஹாரத்துக்கு லட்சக்கணக்கில் கூட்டம் கூடும். திருச்செந்தூரிலிருந்து மணப்பாட்டுக்குப் போகும் கடற்கரைச் சாலை குலசை வழியாகத்தான் போகிறது. அந்தக் கடைசி இரண்டு மூன்று நாட்களில் மணப்பாட்டுக்குக் கிளம்பவே வேண்டாம்.

திருச்செந்தூரில் கந்த சஷ்டி, வைகாசி விசாகம், மாசித் திருவிழா, அதோடு பௌர்ணமி. பௌர்ணமியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. சில ஆண்டுகளாகப் பௌர்ணமி இரவு கடற்கரையில் தங்குவதற்கென்றே பெருங்கூட்டம் வருகிறது. லாட்ஜ் அறை கிடைக்காது, கிடைத்தாலும் வாடகையைக் கேட்டால் திரும்பி நடந்துவிடுவீர்கள்.

வார நாள் எப்படி? ஞாயிறு காலை பூசை நேரம். வழிபட வருபவருக்கு நல்லது, சுற்றிப்பார்க்க வருபவருக்குச் சங்கடம். மாத முதல் வெள்ளி பக்தர்களுக்கு முக்கியமான நாள் என்பதால் அதற்கும் இதே கணக்குதான். என்னைக் கேட்டால் புதன், வியாழன்தான் சிறந்தவை.

பருவத்தில் ஜனவரியும் பிப்ரவரியும் நல்லவை. ஏப்ரல், மே மாதங்களில் காலை பத்து மணிக்கே மணல் சுடும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காற்று பலமாக அடிக்கும், குன்றின்மேல் மணல் கண்ணில் விழும். நவம்பர், டிசம்பரில் வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது, இந்தப் பக்கத்துச் சாலைகளெல்லாம் துண்டிக்கப்பட்டன. ஆண்டுதோறும் அப்படி நடக்காது என்றாலும், ஆரஞ்சு எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

2. திருச்செந்தூர் வரை

சென்னையிலிருந்து வருபவருக்குச் செந்தூர் எக்ஸ்பிரஸ். சாயங்காலம் எழும்பூரில் ஏறினால் மறுநாள் காலையில் திருச்செந்தூர். அன்று இரவே திரும்பும் வண்டியைப் பிடித்தால் அறை வாடகை மிச்சம். ஸ்லீப்பர் சுமார் 450 ரூபாய், மூன்றாம் வகுப்பு ஏசி சுமார் 1,200. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முன்பு 120 நாளாக இருந்தது 2024 நவம்பரில் மாறியது. பழைய நினைப்பில் நாலு மாதம் முன்பே தேடி, வண்டியே இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சஷ்டி, பொங்கல், பள்ளி விடுமுறை என்றால் திறந்த அன்றே எடுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து பாசஞ்சர் ரயிலும் பஸ்ஸும் உண்டு, ஏறத்தாழ 60 கி.மீ. ரயிலில் இருபது ரூபாய் அளவில் முடிந்துவிடும். ஆனால் அடுத்தடுத்த வண்டிகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். எனவே போவதற்கு ரயில், வருவதற்கு பஸ் என்று வைத்துக்கொள்வது வசதி. தூத்துக்குடியிலிருந்து 40 கி.மீ., பஸ் வந்துகொண்டே இருக்கும். விமானத்தில் வருபவருக்கு வாகைக்குளம் விமான நிலையம், அங்கிருந்து கார்தான்.

எங்கிருந்து வந்தாலும் காலை ஏழு மணிக்குத் திருச்செந்தூரில் இருக்க வேண்டும் என்பதை வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். ஏன் ஏழு மணி என்பது ஐந்தாவது படியில்.

3. கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு நாள் பயணத்துக்கு என்ன ஆவணம் என்று கேட்பீர்கள். நீங்கள் எதற்காகப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது அது.

வெறும் பயணம் என்றால் ஆதார் அல்லது வேறு புகைப்பட அடையாள அட்டை. ரயிலில் டிஜிலாக்கரில் காட்டினாலும் ஒத்துக்கொள்வார்கள். ஆனால் குளிக்கவும் உடை மாற்றவும் மட்டும் சில மணி நேரத்துக்கு லாட்ஜ் எடுத்தால், அங்கே ஜெராக்ஸ் கேட்பார்கள். எல்லாருடைய ஆதாருக்கும் ஆளுக்கொரு பிரதி பையில் போட்டு வையுங்கள். காலை ஆறு மணிக்கு ஜெராக்ஸ் கடை தேடுவது பெரிய பாடு. தட்கல் எடுக்கும் எண்ணம் இருந்தால், உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்பே இணைத்துவிடுங்கள். 2025 ஜூலை முதல் அது இல்லாமல் இணையத்தில் தட்கல் கிடைக்காது.

சொந்த வண்டி என்றால் ஓட்டுநர் உரிமம், ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. நான்குவழிச் சாலையில் வருபவர்கள் ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். வாடகைக்கு எடுத்த பைக், கார் என்றால் அது வாடகைக்கு விட அனுமதி உள்ள வண்டிதானா என்று கேளுங்கள். வெள்ளைப் பலகை வண்டியைச் சொந்தக்காரர் போலக் கொடுத்து அனுப்புவார்கள். சோதனையில் மாட்டினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பலர் கோட்டைவிடுவது கோயில் காகிதத்தில்தான். மூன்று வகைத் தேவை வரும்.

குழந்தைக்கு வேண்டுதலாக இங்கே ஞானஸ்நானம் கொடுக்க நினைத்தால் உங்கள் சொந்தப் பங்கின் (நீங்கள் சேர்ந்த கோயில் வட்டாரத்தின்) சாமியாரிடம் அனுமதிக் கடிதம் வாங்க வேண்டும். பெற்றோரின் திருமணச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, ஞானப்பெற்றோர் விவரம் எல்லாம் கேட்பார்கள். "நேரில் போய்ப் பேசிக்கலாம்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பாதீர்கள்.

தாத்தா, பாட்டிக்கு இங்கே ஞானஸ்நானம் ஆயிற்று, பதிவேட்டில் பெயர் தேட வேண்டும் என்று கொழும்பிலிருந்தும் மும்பையிலிருந்தும் வருபவர்கள் உண்டு. அப்படி வருபவர்கள் முழுப் பெயர், ஞானஸ்நானப் பெயர், அப்பா அம்மா பெயர், தோராயமான ஆண்டு, தெரிந்தால் ஞானப்பெற்றோர் பெயர், இவற்றை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். கடலோர ஊர்களில் ஒரே பெயர் ஒரு தலைமுறையில் எத்தனையோ பேருக்கு இருக்கும். ஆண்டு இல்லாமல் சவேரியார் மகன் அந்தோணி என்று மட்டும் சொன்னால் எந்தப் பக்கத்தில் தேடுவார்கள்?

திருமணத்துக்காகச் சான்றிதழ் என்றால், ஆறு மாதத்துக்குள் எடுத்த பிரதியைத்தான் பொதுவாக ஏற்பார்கள். வீட்டுப் பீரோவில் இருக்கும் பழையது உதவாது. அதே சமயம் அந்தப் பழையதைக் கையோடு கொண்டுபோனால் பதிவெண் பார்த்து உடனே எடுத்துவிடலாம்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று: பங்கு அலுவலகத்துக்கு முன்கூட்டியே போன் செய்து, சாமியார் அன்று ஊரில் இருப்பாரா, அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டுவிடுங்கள். சாமியாருக்குக் கூட்டம், அடக்கப் பூசை, பக்கத்து ஊர்த் திருவிழா என்று வேலை வந்துகொண்டே இருக்கும்.

4. திருச்செந்தூரிலிருந்து மணப்பாடு

தெற்கே போகும் பஸ்களில் இரண்டு வழி உண்டு. ஆலந்தலை, குலசை, மணப்பாடு, பெரியதாழை, உவரி என்று கடலோரமாகப் போவது ஒன்று. பரமன்குறிச்சி, உடன்குடி, சாத்தான்குளம் என்று உள்ளே போவது இன்னொன்று. உங்களுக்கு வேண்டியது முதலாவது. பலகையில் குலசை அல்லது உவரி என்று இருக்கிறதா பாருங்கள். ஏறும் முன் கண்டக்டரிடம் கேட்க வேண்டிய கேள்வி "மணப்பாடு போகுமா?" என்பதல்ல, "மணப்பாடு ஊருக்குள் போகுமா?" என்பது. உள்ளே போகாத பஸ், ஊருக்குச் சாலை பிரியும் விலக்கில் இறக்கிவிடும். காலையில் அந்த நடை இனிமையாகவே இருக்கும். மதிய வெயிலில் பெரியவர்களோடு என்றால் வேதனை.

கட்டணம் சில்லறைக் காசுதான், பெரிய நோட்டை நீட்டாதீர்கள். நகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, தொலைதூர பஸ்ஸில் எடுக்க வேண்டும்.

ஆட்டோ என்றால் போக, வர, காத்திருப்பு மூன்றையும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசுங்கள். எத்தனை மணி நேரக் காத்திருப்பு என்பதையும் சேர்த்தே பேசுங்கள், தகராறு எப்போதும் அதில்தான் வரும். 800-இல் தொடங்கி 1,200 வரை கேட்கிறார்கள். நாலு பேர் இருந்தால் இது கட்டுப்படியாகும்.

தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். வெளியூர் வாடகைக்குப் பல இடங்களில் நாளுக்கு 250 கி.மீ. குறைந்தபட்சம் என்று கணக்குப் போடுவார்கள். தூத்துக்குடி, மணப்பாடு, மீண்டும் தூத்துக்குடி என்றால் 130 கி.மீ. கூட வராது, ஆனால் பில் 250-க்கு வரும், மேலே டிரைவர் பேட்டா வேறு. எட்டு மணி நேர உள்ளூர் பேக்கேஜ் உண்டா என்று கேட்டுப் பாருங்கள். இல்லை என்று சொன்னால் எப்படியும் 250-க்குப் பணம் கொடுக்கிறோம் என்று உவரியையும் சேர்த்துவிடுங்கள்.

5. ஊருக்குள் எந்த வரிசையில் பார்ப்பது

எட்டு மணி வாக்கில் மணப்பாட்டில் இறங்கியிருந்தால் முதலில் குன்று. இதற்காகத்தான் ஏழு மணிக் கணக்கு.

ஊரிலிருந்து குன்றுக்குப் போகும்போது ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கருமேனியாற்றின் முகத்துவாரமும் உப்பங்கழியும். மேலே ஏறுவது கடினமல்ல. முழங்கால் வலிக்காரர்களும் நின்று நின்று ஏறலாம். வெயில் ஏறிய பிறகுதான் கஷ்டம். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் திரும்புவதற்குள், வெளியே கிடந்த செருப்பும் சுடும், தரையும் சுடும். காலை எட்டு மணிக்கு அந்தத் தொல்லை இல்லை.

திருச்சிலுவை ஆலயத்துக்குள் பேச்சைக் குறையுங்கள். யாராவது முழந்தாளிட்டு ஜெபித்துக்கொண்டிருப்பார்கள். பீடத்தைப் படம் எடுப்பதற்கு முன் அங்கே இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். திருமணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட், குறும்படம் என்று வருபவர்கள் பங்குத்தந்தையின் அனுமதி இல்லாமல் கேமராவை விரிக்க வேண்டாம். ட்ரோன் வேண்டவே வேண்டாம். இந்தப் பக்கம் கலங்கரை விளக்கம், அந்தப் பக்கம் குலசையில் 2024-இல் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம், கேட்பதற்கு ஆள் வருவார்கள்.

சவேரியார் குகை குன்றின் கடல் பக்கத்தில் இருக்கிறது. தாழ்வான இடம், உயரமானவர்கள் தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலிலிருந்து நுழைந்தால் கண் பழகச் சற்று நேரமாகும். இரண்டு எட்டு வைத்துவிட்டு நின்று, பிறகு போங்கள். சவேரியாருக்கு முன் இங்கே ஒரு சைவத் துறவி இருந்தார் என்று சொல்வார்கள். எம்மதத்தவரும் வருகிறார்கள், யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை.

குகைக்குப் பக்கத்துப் பாறைகளில் இறங்கிப் படம் எடுப்பதைத் தயவுசெய்து விடுங்கள். பாசி படிந்து வழுக்கும், அலை எப்போது ஏறும் என்று தெரியாது. குன்றின் கடல் பக்கத்தில் குளிக்கவே கூடாது. காலை நனைக்க ஆசை என்றால் ஊர்ப் பக்கத்துக் கடற்கரையில், மீனவர்களிடம் கேட்டுவிட்டு.

பிறகு இறங்கி ஊருக்குள் வாருங்கள். பரிசுத்த ஆவி ஆலயத்தையும் யாகப்பர் ஆலயத்தையும் பார்க்க ஒன்றரை மணி நேரம் தாராளம். தெருக்களில் கொழும்பு வியாபாரக் காலத்துப் பெரிய வீடுகள் நிற்கும். உயரமான திண்ணை, கனத்த கதவு, பல வீடுகளில் பூட்டு. பூட்டியிருக்கிறதே என்று திண்ணையில் ஏறிப் படம் எடுக்காதீர்கள். எதிர்வீட்டு அக்காவிடம் சாவி இருக்கும், கண்ணும் இங்கேதான் இருக்கும்.

6. பூசை, காணிக்கை

பூசைக் கருத்து எழுதிக் கொடுக்கப் பங்கு அலுவலகம்தான் இடம். பெயர், நன்றியா வேண்டுதலா இறந்தவருக்கா, எந்தத் தேதி என்ற மூன்றையும் தெளிவாகச் சொல்லுங்கள். அன்றைய பூசையிலேயே வாசிப்பார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள், முன்பே பதிந்தவர்கள் இருப்பார்கள். ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் யாராவது "நான் கொடுத்துவிடுகிறேன்" என்று பணம் கேட்டால் புன்னகைத்துவிட்டு நகருங்கள்.

கத்தோலிக்கர் அல்லாதவர் பூசையில் உட்காரலாம், யாரும் எழுப்ப மாட்டார்கள். நன்மை (சாமியார் கொடுக்கும் திவ்விய அப்பம்) வாங்க வரிசை எழும்பும்போது மட்டும் இருந்த இடத்திலேயே இருங்கள். பிரசாதம் என்று நினைத்துப் பலர் கையை நீட்டிவிடுகிறார்கள். அரைக்கால் சட்டை வேண்டாம். பெண்கள் முக்காடு போடுவது வழக்கம், கட்டாயமில்லை.

7. சோறு, தண்ணீர்

மணப்பாட்டில் சாப்பாட்டை நம்பிப் போகாதீர்கள். டீயும் பன்னும் கிடைக்கும், மதியச் சாப்பாட்டுக்கு உத்தரவாதம் இல்லை. திருச்செந்தூரில் இட்லி சாப்பிட்டு, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீரும் எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். கழிப்பறை வேலையையும் அங்கேயே முடித்துவிடுங்கள். ஏ.டி.எம். வேலையும் அப்படியே.

மீன் குழம்புக் கனவோடு வருபவர்களுக்கு: ஞாயிற்றுக்கிழமை இந்தக் கரையில் கடலுக்குப் போக மாட்டார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறியிருக்கும்.

8. வாங்குவதாக இருந்தால்

பனையோலைப் பெட்டியும் கருப்பட்டியும். மணப்பாட்டுப் பெண்கள் முடையும் ஓலைப் பொருட்களுக்கு நல்ல பெயர் உண்டு. அடியையும் மூலைகளையும் விரலால் தடவிப் பாருங்கள், ஓலை முனை குத்தாமல் உள்ளே மடிந்திருந்தால் நல்ல கைவேலை. பேரம் பேசி ஐம்பது ரூபாய் குறைப்பதில் எனக்கு உடன்பாடில்லை, ஒரு பெட்டிக்கு ஆகும் நேரத்தைப் பார்த்தால் நீங்களும் பேச மாட்டீர்கள்.

உடன்குடி கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உடன்குடி இங்கிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள்தான். சீனி கலந்த கருப்பட்டி எங்கும் விற்கிறது. விலை குறைவாக, நிறம் வெளிறி, உடைத்த இடம் சர்க்கரைபோல் மின்னினால் விட்டுவிடுங்கள். பதநீர் இறங்கும் கோடை மாதங்களில் வாங்குவது புதுச் சரக்கு. மழைக்காலத்தில் வாங்கினால் ஓலைப்பெட்டியோடு காற்றுப்படாமல் வையுங்கள், இல்லாவிட்டால் கசிந்து பையெல்லாம் ஒட்டும்.

9. மதியத்துக்கு மேல்

பதினொன்றரை, பன்னிரண்டுக்குள் மணப்பாடு முடிந்துவிடும். இனி இரண்டு வழி.

தெற்கே 20 கி.மீ.க்குச் சற்று மேல் போனால் உவரி. புனித அந்தோனியார் திருத்தலமும், கப்பல் வடிவில் கட்டிய கப்பல் மாதா கோயிலும் அங்கே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமை அந்தோனியாருக்கு உகந்த நாள். அன்று வேண்டுதல்காரர்கள் அசனம் (எல்லாருக்கும் பொதுவான விருந்து) கொடுத்துக்கொண்டிருந்தால் கூப்பிடுவார்கள், தயங்காமல் உட்காருங்கள். உவரியிலிருந்து கன்னியாகுமரி, நாகர்கோவில் பக்கம் போவதும் எளிது. எனவே திருச்செந்தூரில் இறங்கி நாகர்கோவிலில் ரயிலேறுவதுபோலத் திட்டமிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டாம்.

இல்லை என்றால் திருச்செந்தூர் திரும்பி மதியச் சாப்பாடு, சாயங்காலம் கோயில், இரவு ரயில். கடற்கரைச் சாலையில் இருட்டிய பிறகு பஸ் குறையும். காலையில் இறங்கும்போதே கண்டக்டரிடம் திரும்பும் வண்டி நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, கடைசி வண்டிக்கு முந்தையதைப் பிடிப்பதாகத் திட்டம் போடுங்கள்.

10. செலவு

திருநெல்வேலியிலிருந்து தனியாக, ரயிலும் பஸ்ஸுமாகப் போனால் பயணத்துக்கு 150 ரூபாய்க்குள், சாப்பாடு 250, காணிக்கை உங்கள் விருப்பம். கோயில்களுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. ஐநூறு ரூபாயில் ஒரு நாள் முடியும். ஆட்டோ சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும், பங்கு போட்டால் இறங்கும்.

சென்னையிலிருந்து ஸ்லீப்பரில் போக வர 900, உள்ளூர்ப் பயணமும் சாப்பாடும் 500, குளிக்க அறை எடுத்தால் அதற்கு 500 முதல் 800. சாதாரண நாளில் ஆளுக்கு இரண்டாயிரம் வைத்துக்கொள்ளுங்கள். அறையை இரண்டு மூன்று பேராகப் பகிர்ந்தால் இன்னும் குறையும். வாடகைக் கார் என்றால் 250 கி.மீ. கணக்கில் மூன்றாயிரத்துக்கு மேல், பேட்டா தனி. ஐந்து பேர் சேர்ந்தால்தான் அது லாபம், அப்படிச் சேரும்போது எல்லாருடைய ஆதார் ஜெராக்ஸையும் ஒருவர் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.